இழை பொதுவுடைமை, ஆணை யாருடைமை?

திருவனந்தபுரத்துச் சட்டமன்ற வளாகத்தில், சங்கரநாராயணன் தம்பி மண்டபத்தில், 2023 ஜூன் 5 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மாநிலமெங்கும் 30,000 கிலோமீட்டர் ஒளியிழை, 30,000 அரசு அலுவலகங்களுக்கு இணைப்பு, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 20 லட்சம் குடும்பங்களுக்குக் கட்டணமற்ற இணையம் என்று அதன் இலக்குகள் அறிவிக்கப்பட்டன. முதற்கட்டமாகத் தொகுதிக்கு நூறு வீடு என 140 தொகுதிகளுக்கு 14,000 வீடுகள் குறிக்கப்பட்டன. அத்திட்டத்தைச் சூழ்ந்து எழுந்த வழக்குகளுக்கும் வாதங்களுக்கும் குறைவில்லை. ஒப்பந்தத் தொகை ஏன் உயர்ந்தது, கம்பிக்குள் இருக்கும் இழை எந்த நாட்டில் ஆனது என்றெல்லாம் வினவப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர் உயர் நீதிமன்றம் வரை சென்றார். அவர் மனு 2024-இல் தள்ளுபடியாயிற்று. பொதுப்பணம் செலவாகும் இடத்தில் அத்தகைய வினாக்கள் எழுவது முறையே. ஆயினும் அவற்றினும் நெடுங்காலம் விளைவு தரவல்ல ஒரு வினாவை ஆளுங்கட்சியும் எழுப்பவில்லை, எதிர்க்கட்சியும் எழுப்பவில்லை. மக்கள் பணத்தில் இழுக்கப்பட்ட இழைக்குள் ஓடும் ஒளிக்கு ஆணையிடும் மென்பொருள் யார் கையில் இருக்கிறது?

இது பொறியாளர் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிறு செய்தி என்று எவரும் தள்ளிவிடலாகாது. 2017 மார்ச்சில் நிதியமைச்சர் தாமஸ் ஐசக் வாசித்த வரவுசெலவுத் திட்ட உரையில், இணையம் குடிமக்களின் உரிமை என்று கேரள அரசு அறிவித்தது. விடுதியில் கைப்பேசிக்கு விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்து மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வியுரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. கே-ஃபோன் நிறுவனத்தில் மாநில மின்வாரியத்துக்கு 49 விழுக்காடும், தகவல் தொழில்நுட்ப உள்கட்டமைப்பு நிறுவனத்துக்கு 49 விழுக்காடும், அரசுக்கு நேரடியாக 2 விழுக்காடும் பங்குண்டு. ஆக, முழுவதும் பொதுவுடைமை. உரிமை என்று அறிவித்துப் பொதுவுடைமையாகக் கட்டிய ஒன்றில், பங்கீட்டை முடிவு செய்யும் அறிவு மட்டும் விற்பனையாளரின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்குமாயின், அவ்வுடைமை பாதி உடைமையே.

இதை விளங்கிக்கொள்ள, வீடுவரை வரும் ஒளியிழையின் அமைப்பை ஒருமுறை நிதானமாகப் பார்த்தல் வேண்டும். நிலையத்தில் ஓ.எல்.டி என்னும் பெட்டி இருக்கிறது. அதன் ஒரு வாயிலிலிருந்து ஒற்றை இழை புறப்பட்டுத் தெருவுக்கு வருகிறது. கம்பத்தில் தொங்கும் பேழைக்குள் ஸ்பிளிட்டர் எனப்படும் கண்ணாடிப் பிரிப்பான் அந்த ஒளியை 32 கிளைகளாகவோ 64 கிளைகளாகவோ பகுக்கிறது. ஒவ்வொரு கிளையும் ஒரு வீட்டிலுள்ள ஓ.என்.டி பெட்டியில் சென்று முடிகிறது. நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையில் மின்சாரம் வேண்டும் கருவி ஒன்றுகூட இல்லை. 1987-இல் பிரிட்டிஷ் டெலிகாம் ஆய்வாளர் முன்வைத்த இவ்வெண்ணம், 2003 முதல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த ஜிபான் தரத்தால் உலகெங்கும் பரவியது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுவது ஆண்டுதோறும் நிகழும் நாடு இது. வழியில் மின்சாரமே வேண்டாத இவ்வமைப்பு கேரளத்துக்கென்றே வகுத்தது போன்றது. இழை அறாதவரை பிரிப்பானுக்கு மழையும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான்.

குறை பகிர்வில் இருக்கிறது. ஜிபான் தரத்தில் நிலையத்திலிருந்து வீடுகளை நோக்கி நொடிக்கு 2.488 கிகாபிட் வரும். வீடுகளிலிருந்து நிலையம் நோக்கி 1.244 கிகாபிட் செல்லும். இதை 32 வீடுகளுக்குச் சமமாகப் பகுத்தால் வரவில் ஏறத்தாழ 78 மெகாபிட்டும் செலவில் 39 மெகாபிட்டும் ஆளுக்குக் கிட்டும். 64 வீடுகளாயின் அதிற்பாதி. வரவில் சிக்கல் குறைவு. எல்லாருக்குமான ஒளி எல்லா வீட்டுக்கும் போகிறது; மறையாக்கம் செய்த அத்திரளில் தனக்குரியதை மட்டும் ஒவ்வொரு பெட்டியும் எடுத்துக்கொள்கிறது. செலவில் அப்படியன்று. முப்பத்திரண்டு வீடுகளும் ஒரே இழையில் ஒரே நேரத்தில் ஒளி பாய்ச்சினால் ஒன்றையொன்று அழிக்கும். ஆகவே முறைவைத்துப் பேச வேண்டும். 125 மைக்ரோநொடிக்கு ஒரு சட்டகம் என்று காலத்தை அறுத்து, இன்ன வீட்டுக்கு இத்தனை துளி என்று ஓ.எல்.டி இடைவிடாது பங்கிட்டபடி இருக்கிறது. பந்தி விசாரிப்பவரின் வேலை அது: எந்த இலைக்கு முதலில், எந்த இலைக்கு எவ்வளவு என்பது அவர் கையில். அவர் எந்த விதிப்படி பரிமாறுகிறார் என்பது உண்பவருக்குத் தெரியாது. இங்கே விருந்திட்ட வீட்டுக்காரருக்கே தெரியாது என்பதுதான் கவலை.

ஏனெனில் அவ்விதி பெட்டியை விற்ற நிறுவனத்தின் மூடிய மென்பொருளில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நிறுவனத்தின் ஓ.எல்.டி-யோடு மற்றொரு நிறுவனத்தின் ஓ.என்.டி முழுமையாக ஒத்துழைப்பது அரிது. தரம் ஒன்றே என்றாலும், அத்தரத்தின் ஓரங்களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று சில குறிகளை நுழைத்துவைக்கிறது. உள்ளூர்க் கேபிள் நடத்துநர் எவரைக் கேட்டாலும் இந்தத் துன்பத்தைச் சொல்வார். கே-ஃபோன் வீடுகளைச் சென்றடைவது பெரும்பாலும் இத்தகைய உள்ளூர் நடத்துநர் வழியாகவே, பி.எஸ்.என்.எல் நிறுவனமும் தன் வீட்டு ஒளியிழைச் சேவைக்கு அவர்களையே சார்ந்திருக்கிறது. ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு மேலாண்மைத் திரை. ஒரு பெட்டியைப் பழகவே நெடுநாள் ஆகும். மாற்ற வேண்டுமெனில் வீடுவீடாகச் சென்று ஓ.என்.டி மாற்ற வேண்டும். முதல் கொள்முதலில் குறைந்த விலை சொன்னவருக்கே அடுத்த பதினைந்தாண்டுக்கு அடிமை என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாத விதியாகிவிடுகிறது.

இந்தப் பூட்டைத் திறக்க ஒரு வழி உலகில் கண்டறியப்பட்டிருக்கிறது. 2008-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிக் மெக்கியோனும் உடன் ஆய்வாளரும் ஓப்பன்ஃப்ளோ என்னும் நெறியை வெளியிட்டனர். தரவை அனுப்பும் வேலையைப் பெட்டி செய்யட்டும். எதை எங்கே எப்படி அனுப்புவது என்று முடிவு செய்யும் வேலையைப் பெட்டிக்கு வெளியே பொதுக்கணினியில் ஓடும் மென்பொருள் செய்யட்டும் என்பது அதன் சாரம். மென்பொருள்வழி ஆளும் வலையமைப்பு என்று அது வழங்குகிறது. 2011-இல் ஓப்பன் நெட்வொர்க்கிங் ஃபவுண்டேஷன் தோன்றியது. பெருந்தரவு மையங்களில் வேரூன்றிய இவ்வழியை வீட்டு ஒளியிழைக்கும் கொணர வோல்த்தா என்னும் கட்டற்ற மென்பொருள் அங்கே உருவாயிற்று. எந்த நிறுவனத்தின் ஓ.எல்.டி ஆனாலும், அதன் கீழுள்ள பிரிப்பானும் முப்பத்திரண்டு வீடுகளும் சேர்ந்து, மேலிருக்கும் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு ஒரே ஸ்விட்ச் போலத் தோற்றமளிக்கும்படி வோல்த்தா செய்கிறது. பெட்டியின் தனிக்குணம் மறைகிறது; ஆணை ஒரே மொழியில் செல்கிறது. ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாம் 2020-இன் இறுதியில் ஸ்டுட்கார்ட் நகரில் இவ்வழியே உண்மையான வாடிக்கையாளருக்குச் சேவை தரத் தொடங்கியது. துருக்கியின் டர்க் டெலிகாமும் இதே மென்பொருளைக் களத்தில் இறக்கியது. ஆய்வுக்கூடக் கனவு என்று இதை இனி ஒதுக்குதல் இயலாது.

கே-ஃபோனுக்கு இதனால் விளைவது யாது? அத்திட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கமே, ஒரே இழையைப் பல சேவையாளருக்கு வேறுபாடின்றி வாடகைக்குத் தருவது. சிங்கப்பூரில் இழை ஒரு கையிலும் சேவை பல கைகளிலுமாகப் பிரித்துவைத்து, ஒரே இழையில் பல நிறுவனங்கள் போட்டியிட வழிசெய்தனர். அங்குள்ள நம் உறவினர் வீடு மாறாமலே சேவையாளரை மாற்றிக்கொள்வது அதனால்தான். அங்கே சட்டத்தாலும் நிறுவனப் பிரிவினையாலும் செய்ததை, மென்பொருள் இன்னும் நுண்ணிதாகச் செய்யவல்லது. ஓர் ஓ.எல்.டி-யைப் பல கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறையும் ஒரு சேவையாளருக்கு அளித்து, ஒருவர் பங்கை மற்றவர் விழுங்காமல் காக்கலாம். பிராட்பேண்ட் ஃபோரம் என்னும் அமைப்பு இவ்வாறான பகிர்வுக்கு விதிமுறைகளே வகுத்திருக்கிறது. டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர் ஒருபடி மேலே சென்று, காலத்துளிகளைப் பங்கிடும் விதியைக்கூட ஒவ்வொரு சேவையாளரும் தத்தமக்கு ஏற்ப எழுதிக்கொள்ளலாம் என்று காட்டியிருக்கின்றனர். இவற்றை ஏழை வீட்டின் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து. கட்டணம் கட்டும் வீட்டில் மாலை முழுதும் காணொளி ஏற்றுகிறார்கள். அதே பிரிப்பானில் தொங்கும் கட்டணமில்லா வீட்டில் பிள்ளை பாடம் பயில்கிறது. நெரிசல் வேளையில் யாருக்கு முதலிடம் என்பதை இன்று பெட்டியில் எவரோ முன்னமே வைத்துச்சென்ற அமைப்பு முடிவு செய்கிறது. இலவச வீட்டுக்கு உறுதியளித்த வேகம் அழியாத கீழெல்லையாக நிற்க வேண்டுமெனில், அது வாக்குறுதியாக மட்டும் இராமல் மென்பொருளில் விதியாகவும் எழுதப்பட வேண்டும். எழுதியதை எவரும் படித்துச் சரிபார்க்கவும் இயல வேண்டும்.

2018 ஆகஸ்டு வெள்ளத்தை நினைவுகூர்தல் தகும். தன்னார்வ மென்பொருளாளரும் அரசின் தகவல் தொழில்நுட்ப மிஷனும் சேர்ந்து நடத்திய மீட்புத் தளத்தில், நீர்சூழ்ந்த வீடுகளிலிருந்து உதவி கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. அத்தகைய நாளில் மருத்துவமனை, ஆட்சியர் அலுவலகம், நிவாரண முகாம் ஆகியவற்றின் இணைப்புக்கு உடனே முதலிடம் தர வேண்டும். மூடிய பெட்டிகளாயின் அந்தந்த நிறுவனத்தின் திரையைத் தனித்தனியே திறந்து, அறிந்த ஆளைத் தேடி, ஒவ்வொன்றாய் மாற்ற வேண்டியிருக்கும். பொதுக் கட்டுப்பாட்டு மென்பொருளாயின், திருவனந்தபுரத்திலுள்ள பேரிடர் மேலாண்மை ஆணையம் முன்கூட்டியே ஒப்புதல் தந்த திட்டம் ஒன்று, ஓர் ஆணையில் மாநிலமெங்கும் நடப்புக்கு வரும். உயிர் போகும் வேளையில் நிமிடம் என்பது சிறிதன்று.

இவ்வளவு சொன்னபின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். மென்பொருள் ஆர்வலர் சிலர் எல்லா முடிவையும் தொலைவிலுள்ள ஒரே மையத்துக்குக் கொண்டுசென்றுவிடலாம் என்று பேசுகின்றனர். இயற்கை அதற்கு உடன்படாது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோநொடி ஆகிறது. கே-ஃபோனின் வலைச் செயற்பாட்டு மையம் கொச்சி இன்ஃபோபார்க்கில் இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். போக ஆயிரம் மைக்ரோநொடி, வர ஆயிரம். வினவி விடை பெறுவதற்குள் 125 மைக்ரோநொடிச் சட்டகங்கள் பதினாறு கடந்துபோயிருக்கும். ஆகவே துளித்துளியாகக் காலம் பங்கிடும் வேலை ஓ.எல்.டி-க்கு அருகிலேயே நடக்க வேண்டும். எந்தக் கொள்கைப்படி பங்கிடுவது, யாருக்கு எவ்வளவு உறுதி, எந்தக் கூறு எந்தச் சேவையாளருக்கு என்பன மட்டுமே மேலிருந்து வரத்தக்கவை. கொள்கை மையத்தில், செயல் களத்தில். இவ்வெல்லையை ஒப்பந்தத்தில் தெளிவாக வரையாது போனால், தொழில்நுட்பப் புதுமை என்ற பெயரில் மாலைநேரத்தில் திணறும் வலை ஒன்றை மக்கள் பெறுவர்.

மையம் துண்டிக்கப்பட்டால் என் செய்வது என்ற வினாவும் உண்டு. 2018 வெள்ளத்தில் கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையமே இரு வாரம் மூடிக் கிடந்தது. கட்டுப்பாடு ஒரே நகரில் குவிந்திருத்தல் தகாது. தலைநகரில் ஓர் இணைமையம் இயங்க வேண்டும். மையத்தோடு தொடர்பற்ற வேளையில் ஒவ்வொரு ஓ.எல்.டி-யும் இறுதியாகப் பெற்ற ஆணைப்படி தானே ஓட வேண்டும். மத்திய அரசின் ஊரக ஒளியிழைத் திட்டமான பாரத்நெட் தந்த பாடத்தையும் இங்கே மறத்தலாகாது. 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் பெற்ற அத்திட்டம் கேரளத்தில் நன்கு வேரூன்றியது. 2015 ஜனவரியில் இடுக்கி, ஊரக அதிவேக இணையத்தில் நாட்டின் முதல் மாவட்டமாயிற்று. ஆயினும் மரக்கிளை போன்ற இழைவழி ஓரிடத்தில் அறுந்தால் அதற்கப்பால் எல்லாம் இருளும் என்பதை நாடெங்கும் பட்டறிந்த பின்னரே, 2023 ஆகஸ்டில் திருத்திய பாரத்நெட் திட்டம் வளைய அமைப்புக்கு மாறியது. எத்துணைத் திறமான மென்பொருளும் இல்லாத மாற்றுவழியில் ஒளியைத் திருப்பிவிட முடியாது. இழையை வளையமாக்குவதே முதற்பணி.

இனி, மிகக் கனமான அச்சம் ஒன்று. பல பெட்டிகளில் சிதறிக் கிடந்த ஆட்சி ஓரிடத்தில் திரளும்போது, அதைத் தவறாய்ப் பயன்படுத்துவதும் எளிதாகிறது. ஒரு வார்டின் இணையத்தை மட்டும் நிறுத்துவதும், ஒரு வீட்டின் வேகத்தை மட்டும் குறைப்பதும், ஒருவர் எப்போது எவ்வளவு பயன்படுத்துகிறார் என்று கணக்கெடுப்பதும் அந்தக் கட்டுப்பாட்டு மேசையிலிருந்து இயலும். அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இணைய முடக்க ஆணைகள் வெளியிடப்பட வேண்டும், தேவைக்கு மிஞ்சலாகாது என்று விதித்தது. அவ்விதி காகிதத்தில் இருந்தால் போதாது. மென்பொருள்வழி ஆளுகையில் ஒரு நன்மை, ஒவ்வோர் ஆணையையும் யார், எந்நேரம், எந்த அதிகாரத்தில் இட்டார் என்று அழிக்கவொண்ணாதபடி பதிவுசெய்ய இயலும் என்பது. அப்பதிவேடு தணிக்கைக்கு உட்பட வேண்டும். அதற்கு இசையாத அரசு எதுவாயினும், அதன் கையில் இந்தக் கருவியைத் தரலாகாது என்றே நாம் சொல்வோம்.

திறந்த மென்பொருள் பாதுகாப்பற்றது, அந்நியர் நுழைவர் என்று சொல்வோர் இருக்கின்றனர். திருவனந்தபுரம் இதைக் கேட்டு வியப்படைய வேண்டிய ஊர். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் தொடங்கியது இங்கேதான். ரிச்சர்டு ஸ்டால்மன் அதற்கென வந்திருந்தார். கட்டற்ற மென்பொருளுக்கென மாநில அரசு நிறுவிய ஐசிஃபாஸ் மையம் இந்நகரில் இருக்கிறது. பூஜப்புரையிலிருந்து இயங்கும் கைட் நிறுவனம் அரசுப் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளிலேயே ஓட்டுகிறது. மலைப்பள்ளிப் பிள்ளைகூட லினக்ஸில் எழுதப் பழகியிருக்கிறது. 1990-இல் நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவைக் கண்டதும் இந்நகரே. கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக், 1939-இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி, அண்மையில் எழுந்த டிஜிட்டல் பல்கலைக்கழகம் என்று அறிவுக்கும் ஆளுக்கும் இங்கே பஞ்சமில்லை. பிள்ளைகளுக்குத் திறந்த மென்பொருளைக் கற்பித்துவிட்டு, அவர்கள் வீட்டுக்கு வரும் இழையை மட்டும் மூடிய பெட்டிக்கு ஒப்படைத்தல் கொள்கை முரண். மூடிய பெட்டியில் குறை இருந்தால் விற்றவருக்கு மட்டுமே தெரியும். தாக்க வருபவன் அதைக் கண்டுபிடிக்கும் நாளில்தான் நமக்குத் தெரியவரும்.

செலவு உண்டு, மறுக்கவில்லை. ஏற்கெனவே நிறுவிய பெட்டிகள் எல்லாம் இந்த ஆணைமொழி அறியா. அவற்றை ஒரே நாளில் பிடுங்கியெறிவது பேதைமை. புதிய எக்ஸ்ஜிஎஸ்-பான் தரம் இரு வழியிலும் 10 கிகாபிட் தருவது. வேறு அலைநீளத்தில் இயங்குவதால் பழைய ஜிபானோடு அதே இழையில் அதே பிரிப்பானில் உடன் வாழும். ஆகவே திறன் பெருக்கப் புதுப்பெட்டி வாங்கும்போதெல்லாம் திறந்தவற்றையே வாங்கிவந்தால், பழையன தாமே கழியும். ஆளுக்குப் பயிற்சி வேண்டும். சிறு கேபிள் நடத்துநருக்கும் அப்பயிற்சி கட்டணமின்றிக் கிட்ட வேண்டும். இல்லையேல் திறந்த மென்பொருள் பெருநிறுவனங்களுக்கு மட்டும் உதவும் கருவியாய்ச் சுருங்கும்.

மாநில எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பாலும் இச்செய்தி கேட்க வேண்டும். தமிழ்நாட்டின் டான்ஃபிநெட் நிறுவனம் 12,525 ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் பணியை ஏற்றிருக்கிறது. ஒரு மாநிலம் தனியே கேட்டால் விற்பனையாளர் செவிசாய்க்கார். இரு மாநிலங்களும் ஒரே திறந்த இடைமுக விதியைத் தம் ஒப்பந்தப்புள்ளியில் வைத்தால், அவர் தம் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும்.

கேரள அரசிடம் நாம் கேட்பது கடினமானதன்று. கே-ஃபோனின் அடுத்த கொள்முதல் அறிவிப்பில், எந்த ஓ.எல்.டி-யும் எந்த ஓ.என்.டி-யும் திறந்த நெறியில் ஒத்தியங்க வேண்டும் என்ற விதியைச் சேர்க்க வேண்டும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரு கடற்கரை வட்டாரமும் ஒரு மலை வட்டாரமும் தேர்ந்து, ஐசிஃபாஸ், சி-டாக், பொறியியல் கல்லூரி ஆகியவற்றின் துணையோடு அங்கே சோதனை ஓட்டம் நடத்த வேண்டும். அதன் அளவீடுகளை, நெரிசல் வேளையில் இலவச வீடுகளுக்குக் கிட்டிய வேகத்தோடு சேர்த்து, சட்டமன்றத்தின் மேசையில் வைக்க வேண்டும். கம்பியின் பிறப்பிடத்தை வினவிய எதிர்க்கட்சியும், இம்முறை, ஆணையின் உறைவிடத்தை அதே ஊக்கத்தோடு வினவட்டும்.